ரெட்டைச் சேர் மரியாதை

ஒரு விசேஷ வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ள எங்கள் திண்டிவனம் பக்கத்தில் சுலபமான வழி ஒன்று இருந்தது. அவருக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கிறார்களா, ஒன்றுக்குள் ஒன்று சொருகி இரண்டாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். ஒன்று என்றால் சும்மா உறவு. இரண்டு என்றால் பெரிய மனிதர். இந்த வழக்கத்தை ஊருக்குள் அவிழ்த்துவிட்டவள் நான்தான். அவிழ்த்துவிட்டதைத் திரும்பக் கட்டப் போய் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

எங்களுடையது வாடகைச் சாமான் கடை. சாமியானா, மேசை, சேர், அண்டா, பிரியாணி தேக்சா என்று எல்லாம் உண்டு. காதுகுத்தோ கருமாதியோ, எது நடந்தாலும் எங்கள் வண்டிதான் முதலில் போய் நிற்கும், கடைசியில் கிளம்பும். அப்பா வைத்த கடை அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் இதில் தலையிட மாட்டார். அவர் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வரும்.

அப்பா காலத்தில் எல்லாம் இரும்பு மடக்கு சேர். தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். அவ்வளவு கெட்டியான சேரில் வந்து உட்கார்ந்தவர்களோ, நாளெல்லாம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த ஒல்லிப்பிச்சான்கள். நாங்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிய நேரம் பார்த்துத்தான் ஊர் பெருக்கத் தொடங்கியது. சேர் இளைத்துக்கொண்டே வந்தது, ஜனம் ஊதிக்கொண்டே வந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் விழுந்தார். நல்ல ஆகிருதி. மண்டபத்தின் தரை வழவழப்பான கல். அவர் உட்கார்ந்ததும் சேரின் நான்கு கால்களும் நான்கு பக்கம் பார்த்துப் பிரிந்து போய்விட்டன. கழுத்தில் மாலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார் மனிதர். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண் வீட்டுக்காரர்கள் நேரே என்னிடம் வந்து, "ஓட்ட சேர குடுத்து எங்க மானத்த வாங்கிட்டியேம்மா" என்று குதித்தார்கள். சேர் புதிது, மாமாதான் கனம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மறுநாள் எங்கள் கடை வண்டி ஓட்டுகிறவரைக் கூப்பிட்டேன். ஊரே குட்டி யானை என்று சொல்லும் சின்ன லாரி அது. "இனிமே கனமான ஆளு யாரு வந்தாலும் ரெண்டு சேர ஒண்ணா சொருகிப் போட்டுடுங்க" என்றேன்.

"எதுக்கு ரெண்டுன்னு கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"மரியாதைக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

அந்த நிமிடத்தில் வாயில் வந்த பொய் அது. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, நீ உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது இல்லையா? ஆனால் எங்கள் ஊரில் மரியாதை என்று ஒரு சொல்லைக் காற்றில் விட்டால் அது என்ன பாடுபடும் என்பதை நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே விசேஷ வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கேட்க ஆரம்பித்தார்கள். "சம்பந்திக்கு ரெட்டைச் சேர் போட்டாச்சா?" "முன்னாள் தலைவரு வராரு, ரெண்டா எடுத்து வையி." பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு பெரியவர், எடை போட்டால் ஒரு மூட்டை தவிடு கூடத் தேறாத ஆள், தனக்கு ஒற்றைச் சேர் போட்டார்கள் என்று சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்து கூட்டிவர மாப்பிள்ளையே பைக்கில் போனார். நூறு பேர் வருகிற விசேஷத்துக்கு இருநூறு சேர் ஏற்ற வேண்டியதாயிற்று. குட்டி யானை இரண்டு நடை அடித்தது.

என் வீட்டுக்காரருக்கு இந்த ரெட்டைச் சேர் என்றால் உயிர். அவர் உடம்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் பஸ்ஸை எந்த ஓட்டலில் நிறுத்துகிறாரோ அந்த ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு ஓசி. எல்லா ரூட்டிலும் இருக்கிற வழக்கம்தான். பஸ் நிறையப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்குகிற மகராசனுக்கு ஓட்டல்காரர் பச்சைத் தண்ணீரா கொடுப்பார்? உள்ளே தனி மேசை, சிக்கன், முட்டை, பரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா. பயணிகள் வெளியே காசு கொடுத்து ஆறிப்போன இட்லியைத் தின்றுகொண்டிருப்பார்கள். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். இது போதாதென்று வீட்டுக்கு ஒரு பார்சல். அந்தப் பார்சலை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள், சாப்பாட்டை வீணாக்குகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

வருடம் ஏற ஏற அவர் வயிறு ஸ்டீயரிங்கை நோக்கி வந்தது. முதலில் சட்டைப் பொத்தான் உரசியது. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளினார். பின்னால் தள்ளினால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை என்று மறுபடி முன்னால் இழுத்தார். கடைசியில் வளைவில் ஒடிக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒடிக்கப் பழகிவிட்டார். அதை ஒரு வித்தையைப் போல என்னிடம் செய்தும் காட்டினார்.

பஸ்ஸுக்குள்ளும் அதே கதைதான். மூன்று பேர் சீட்டில் இப்போது இரண்டரைப் பேர்தான் உட்கார முடிகிறது. மூன்றாவது ஆள் ஒரு காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு விக்கிரவாண்டி வரை தொங்கிக்கொண்டு வருகிறார். கண்டக்டர் நடுவில் புகுந்து போக முடியாமல் டிக்கெட்டைக் கைமாற்றி அனுப்புகிறார். ஒல்லியானவர்கள் முனகுகிறார்கள், பெருத்தவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். எல்லோரும் கொடுத்தது ஒரே டிக்கெட் காசுதான். ஊர் பெருத்தால் அந்தச் சுமை யார் மடியில் போய் உட்காருகிறது என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், அந்தச் சீட்டைப் பார்த்தால் போதும்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு என்று தொப்பையைப் பற்றிப் பாடிக்கொண்டேதான் இருந்தேன். அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு சிரிப்பார். "ஊரே ரெட்டைச் சேர் போட்டு என்ன மதிக்குது. நீ ஒருத்திதான் தொப்ப தொப்பன்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்க" என்பார். நான் விட்ட பொய் சுற்றிக்கொண்டு வந்து என் வாயையே அடைத்தது. அது மரியாதைச் சேர் இல்லை என்று அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மனம் சின்னதாகிப் போவாரே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் விளையாட்டு வினையாயிற்று. அவர் முதலாளியின் இன்னொரு பஸ்ஸை ஓட்டிய டிரைவருக்கு, வண்டியில் ஆட்கள் இருக்கும்போதே சர்க்கரை ஏறிக் கண் இருட்டிவிட்டது. நல்ல வேளை, பஸ் சாலையோரப் புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி பயந்துவிட்டார். மூன்று மாதத்துக்குள் எல்லா டிரைவரும் டாக்டரிடம் காட்டி, ஓட்டலாம் என்று எழுதி வாங்கி வர வேண்டும், வராதவர்கள் ஷெட்டில் பஸ் கழுவலாம் என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஸ்டீயரிங்க விட்டுட்டு நான் இன்னாடி பண்ணுவேன்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். ஆறிப்போகும் என்று சொல்லி நான் பார்சலைப் பிரித்தேன்.

டாக்டரம்மாவிடம் போனோம். அவரை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தார்கள். நாடா போதவில்லை என்று இன்னொரு நாடா தேடினார்கள். டாக்டரம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை, பிரஷர் ரெண்டும் ஏறியிருக்கு. இப்படியே நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒடம்பக் கொறச்சிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு தடவ ஏறி நில்லுங்களேன்மா" என்றார். நான் துணைக்கு வந்தவள், எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கேப்பைக் கூழ் ஆரம்பித்தது. காலையில் ஒரு செம்பு கூழ் குடித்துவிட்டுப் போவார். பஸ் ஓட்டலில் நிற்கும். "ஒரே ஒரு பரோட்டாதான். மாஸ்டர் மனசு கஷ்டப்படும்" என்று ஆரம்பித்து, மாஸ்டரின் மனசை முழுதாகக் குளிர்வித்துவிட்டு வருவார். ஆக, முன்பு சாப்பிட்டதோடு இப்போது ஒரு செம்பு கூழும் சேர்ந்தது. அதிகாலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனார். நடந்து முடித்த இடத்தில் ஒரு போண்டாக் கடை. கடைக்காரர் இவரைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துவிட்டு பெஞ்சைப் போட்டார். அதுவும் இவருக்கு மரியாதையாகத் தெரிந்தது.

இப்படி இருக்கும்போது எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒருவர் இறந்துபோனார். மளிகைக் கடைக்காரர், என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். வெளியூரிலிருந்து மகள் வர வேண்டும் என்பதால் ஃப்ரீசர் பெட்டி கேட்டார்கள். அதையும் நாங்கள்தான் வாடகைக்குக் கொடுக்கிறோம். நான் கூடப் போனேன். மத்தியான வெயில். நாலு பேர் தூக்குவது வழக்கம். அன்றைக்கு நாலு பேரால் முடியவில்லை. இன்னும் ஆட்களைக் கூப்பிட்டார்கள். தூக்கி வைத்த பிறகு கண்ணாடி மூடி படியவில்லை. வயிறு தடுத்தது. ஒருவர் அழுத்திப் பார்த்தார். இறந்தவரின் மனைவி சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மூடியைச் சாய்த்து வைத்து மேலே வேட்டியைப் போர்த்திவிட்டோம். குளிர் நிற்கவில்லை. மகள் வருவதற்குள் ஐஸ் கட்டி வாங்கி அடுக்க வேண்டியதாகிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தேன். அன்று அவருக்கு ஓய்வு. ஃபேனுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என் கண் தானாக அளந்தது. தோள், வயிறு, மூடி. மூடாது என்று தெரிந்தது. என் தொழில் கண் எனக்கு இப்படி ஒரு துரோகம் செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேலை போவது இருக்கட்டும், மனிதர் இருக்க வேண்டுமே என்றுதான் அப்போது தோன்றியது.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபம் வருவது என் வழக்கம்.

அந்த வாரத்திலேயே மயிலத்தில் ஒரு காதுகுத்து. என் வீட்டுக்காரரின் அண்ணனுடைய பேரனுக்கு. மலையடிவாரத்தில் மண்டபம், சாமான் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "இன்னிக்கு எங்க வூட்டுக்காரருக்கு ஒத்தச் சேர்தான்."

அவர் கண்கள் விரிந்தன. "அக்கா, அண்ணன் என்ன வெட்டிப் போடும்."

"வெட்டட்டும். நான் பாத்துக்கறேன்."

வாய் சொல்லிக் கேட்காத மனிதர், சேர் சொன்னால் கேட்பார் என்பது என் கணக்கு. உட்காரும்போது அது முனகும், அவருக்கே உறைக்கும், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மொட்டையடித்த பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி கம்மலை எடுக்கிற நேரத்தில், வெள்ளை வேட்டி சட்டையில் இவர் உள்ளே வந்தார். முதல் வரிசை முழுக்க ரெட்டைச் சேர்கள். அண்ணன், அண்ணனின் சம்பந்தி, அந்த ஊர் முன்னாள் தலைவர். கடைசியில் இவருடைய பெரியப்பா. காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார், ரெண்டு சேருக்கு மேல் அவர் இருப்பதே தெரியாது. அவருக்குப் பக்கத்தில் ஒற்றையாக ஒரு சேர், இவருக்காக.

இவர் உட்காரவில்லை. சேரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வண்டிக்காரரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா இது? எனக்கு ஒத்தச் சேரா?"

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "அக்கா சொல்லிச்சுண்ணே."

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "எம் பொண்டாட்டி கடை சேரு. பெரியப்பாக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. நாலு பேரு முன்னாடி என் மரியாதைய எடுக்கணும்னு எத்தினி நாளா காத்துக்கினு இருந்த?"

மரியாதை, மரியாதை, மரியாதை. மளிகைக் கடைக்காரரின் கண்ணாடி மூடி என் கண் முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

"மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லங்க! குண்டா இருக்கறவங்க குந்தினா சேர் ஒடஞ்சிபூடும்னு ரெண்டு போட்டது அது! மூஞ்சிக்கு நேரா சொன்னா கேவலமா இருக்குமேன்னு மரியாதைன்னு சொல்லி வெச்சோம். போதுமா?"

பாட்டுப் போடுகிறவர் சரியாக அந்த நேரம் பார்த்துப் பாட்டை மாற்றப் போயிருந்தார். மண்டபம் முழுக்க என் குரல் மட்டும்தான் கேட்டது. ஆசாரியின் கை காதுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிள்ளை கூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

முன்னாள் தலைவர் மெல்ல எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த சேரைக் குனிந்து எண்ணிப் பார்த்தார். பிறகு மறுபடியும் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். உட்காராமல் என்ன செய்வார், அவருக்கு முட்டி வலி. சம்பந்தியம்மா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். இத்தனை வருடமாக ஊர் ஊராக ரெட்டைச் சேரில் உட்கார்ந்து வந்த ஞாபகமெல்லாம் ஒவ்வொரு முகத்திலும் வந்து போயிற்று. பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு நிஜமாகவே மனத்தாங்கல்.

"அப்போ எனக்கு எதுக்குடா ரெண்டு போட்டீங்க?"

"நீங்க கேட்டீங்களே பெரியப்பா" என்றார் வண்டிக்காரர் பணிவாக.

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அண்ணன் கூட வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, குலுங்குவது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சேரின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போலத் தன்னை இறக்கினார். சேர் முனகியது. கால்கள் விரிந்தன. அவர் பாதி எடையைத் தன் கால்களில் தாங்கிக்கொண்டு, தொடை நடுங்க, காதுகுத்து முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பந்திக்கு எழுந்து வந்து இலையில் பாதியை ஒதுக்கினார். சாயங்காலம் அவர் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தார், நான் குட்டி யானையில் அண்டாக்களோடு வந்தேன்.

பல நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடையிலிருந்து ஒரே ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில் போட்டார். கட்டில், சோபா எதிலும் உட்காருவதில்லை. சாப்பாடு, டிவி எல்லாம் அந்தச் சேரில்தான். அது முனகும். முனகுகிறபோதெல்லாம் என்னை முறைப்பார். நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன்.

ஓட்டலில் தனி மேசைக்குப் போவதை நிறுத்தினார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன களியையும் கீரையையும் டிரைவர் சீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டார். பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு பஸ் வரைக்கும் வந்து, "எங்கிட்ட இன்னாண்ணே கோவம்? கை ருசி மாறிப்பூச்சா?" என்று கேட்டாராம். ஓட்டல் முதலாளியோ, இவர் வேறு ஓட்டலுக்கு மாறப்போகிறார் என்று பயந்து, கோழியை முழுசாகவே பார்சல் கட்டிக் கொடுத்தனுப்பினார். இவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் ஓசிச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வதைப் போலக் கஷ்டமான வேலை ஒன்றும் கிடையாது. வாங்கினால் உடம்பு கெடுகிறது, மறுத்தால் உறவு கெடுகிறது. பார்சல் நின்றதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். அந்தச் சால்னாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வராமல் நடந்தே வரத் தொடங்கினார். போண்டாக் கடை இல்லாத பக்கமாகப் பார்த்துக் காலை நடையை மாற்றிக்கொண்டார். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நான் எடுத்து வைக்காமலே விழுங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சேரின் முனகல் மெலிந்தது. ஒரு நாள் உட்கார்ந்தார், சத்தமே இல்லை. எழுந்தார், மறுபடி உட்கார்ந்து பார்த்தார். "ஏய், இங்க வாடி" என்று அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது தரம் உட்கார்ந்து காட்டினார். அதுதான் மயிலத்துக்குப் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

கெடு முடிகிற சமயத்தில் டாக்டரம்மாவிடம் போனோம். இன்னும் குறைக்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனாலும் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வந்திருக்கின்றன என்றார். "ஆறு மாசத்துக்குத்தான் குடுக்கறேன். மறுபடி வரணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இவர் அந்தக் காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். மறுநாள் பஸ்ஸை எடுக்கும்போது ஹாரனைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார் என்று கண்டக்டர் சொன்னார்.

இதற்கிடையில் எங்கள் ஊரில் ரெட்டைச் சேருக்கு மவுசு போய்விட்டது. யாருக்காவது ரெண்டு போட்டால், "இன்னா, என்னப் பாத்தா குண்டா தெரியுதா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒற்றையில் உட்கார்ந்து உடைக்கிறார்கள். சேர் உடைந்தால் காசு எனக்குப் போகிறது, மானம் அவர்களுக்குப் போகிறது. பெரியப்பா மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. தான் ஒல்லி என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்று ரெண்டாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர் வீடுதான், ஆனால் சாமான் எங்கள் கடையுடையது இல்லை. அதனால் நான் முதல் தடவையாக விருந்தாளியாகப் போனேன். சாதாரணமாக விசேஷங்களில் நான் உட்காருவதே கிடையாது. பந்திக்கும் லாரிக்கும் நடுவில் நின்றுகொண்டே இருப்பேன், அடுக்களைப் பக்கம் ஒதுங்கி ருசி பார்ப்பேன். கடையிலும் அப்பா காலத்து இரும்பு சேர்தான் எனக்கு. பிளாஸ்டிக் சூடு, எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விழுப்புரத்து வாடகைக் கடைக்காரருக்கு எங்கள் ஊர்ச் சேதி இன்னும் எட்டவில்லை. என் வீட்டுக்காரரை முன்பு பார்த்த ஞாபகத்தில், "வாங்கண்ணே, குந்துங்க, ஜல்தியா இங்க ரெட்டைச் சேர் போடுப்பா" என்று உபசாரம் செய்தார். சேர் வந்தது. இவர் உட்காரவில்லை. மேலே இருந்த சேரை உருவி எடுத்தார். மெதுவாக நடந்து என் பக்கம் வந்து, நான் உட்காரப் போன சேருக்குள் அதைச் சொருகினார். ஆடுகிறதா என்று கையால் அழுத்தியும் பார்த்தார்.

"குந்து" என்றார்.

"இன்னாங்க இது?"

"மரியாதை."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. மயிலத்தில் நான் அவரைப் பேசியதற்கெல்லாம் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். நாக்கில் பதில் தயாராக வந்துவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கண் என் தோளில் ஆரம்பித்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் வாசற்படியில் நின்று நான் அவரைப் பார்த்தது அப்படித்தான்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட உனக்கும் டோக்கன் போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் ஒற்றைச் சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சேர் லேசாகக்கூட முனகவில்லை. இரண்டு சேருக்கு மேல் உட்கார்ந்திருந்த எனக்குத்தான், முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.